பாண்டாவுக்குக் குட்டி போடத் தெரியாது என்று யார் சொன்னது?

பாண்டா பேச்சு வந்தாலே போதும், யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார். "அது ஒரு உதவாக்கரை மிருகம், நாளெல்லாம் மூங்கில் தின்னும், மீதி நேரம் தூங்கும், குட்டி போடக்கூட மனிதன்தான் கூட நிற்க வேண்டும், அழிய வேண்டிய இனத்தை எதற்குக் கோடிக்கணக்கில் செலவு செய்து இழுத்துப் பிடிக்கிறார்கள்?" கேட்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். நாம் பார்க்கிற பாண்டா எல்லாம் வீடியோவில் சறுக்குமரத்திலிருந்து உருண்டு விழுந்து, அப்படியே படுத்துக் கொண்டு, யார் வந்து தூக்குவார்கள் என்று காத்திருக்கிற ஜூ பாண்டாதானே.

எனக்கு அந்த வீடியோக்கள் பிடிக்கும், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாண்டா கூண்டுகளின் நேரலைக் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத ஒரு திரையை முக்கால் மணி நேரம் பார்க்கிற ஆள் நான். 2013 அக்டோபரில் அமெரிக்க அரசு நிதி ஒதுக்கீடு இல்லாமல் முடங்கியபோது வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிசாலையின் பாண்டா கேமராவையும் அணைத்துவிட்டார்கள், அதற்குப் பலர் புலம்பினார்கள். அந்தப் புலம்பல் எனக்குப் புரிகிறது. ஆனால் "உதவாக்கரை" என்ற பேச்சு மட்டும் பொறுக்காது, ஏனென்றால் அந்தக் கெட்ட பெயரைப் பாண்டா சம்பாதிக்கவில்லை, ஜூக்கள் சம்பாதித்துக் கொடுத்தன.

சாப்பாட்டிலிருந்து ஆரம்பிப்போம். பாண்டா ஒரு கரடி. குடல் மாமிசம் தின்னும் விலங்கின் குடல், நீளம் குறைவு, நார்ச்சத்தை உடைக்கத் தோதில்லாதது. அதை வைத்துக்கொண்டு அது தின்பதில் 99 சதவீதம் மூங்கில். தின்றதில் ஐந்தில் ஒரு பங்குகூட உடம்பில் ஒட்டாது, அதனால் நாளுக்கு 12 முதல் 38 கிலோ வரை தின்றாக வேண்டும், அதற்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் ஆகும். கேட்டால் முட்டாள்தனமாக இருக்கிறதா? ஆனால் மூங்கில் வருடம் முழுக்கக் கிடைக்கும், ஓடாது, பனியிலும் பச்சையாக நிற்கும், அந்தக் காட்டில் அதற்குப் பெரிய போட்டியும் கிடையாது. மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு ஆறாவது விரல் மாதிரி ஆகியிருக்கிறது, தண்டைப் பிடித்து உரிப்பதற்கு. சீனாவின் யுன்னானில் கிடைத்த ஒரு முன்னோரின் புதைபடிவத்தில் இதே பொய்க் கட்டைவிரல் இருக்கிறது, அதன் வயது 60 லட்சம் ஆண்டுகளுக்கு மேல். 2015ல் அளந்து பார்த்தபோது, அந்த உடல் எடைக்கு ஒரு பாலூட்டி செலவழிக்க வேண்டிய சக்தியில் 38 சதவீதத்தைத்தான் பாண்டா செலவழிக்கிறது என்று தெரிந்தது. வரவுக்கேற்ற செலவு. சோம்பேறித்தனம் என்று நாம் சொல்வது அதன் குடும்பக் கணக்கு.

சரி, குட்டி விஷயம். இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது.

1958ல் லண்டன் விலங்குக் காட்சிசாலைக்கு சி சி என்ற பெண் பாண்டா வந்தாள். மேற்கு உலகத்துக்கே அப்போது அவள்தான் பாண்டா. 1961ல் உலக வனவிலங்கு நிதியம் தன் சின்னத்துக்குப் பாண்டாவைத் தேர்ந்தெடுத்ததற்கும் அவளே காரணம். மாஸ்கோவில் ஆன் ஆன் என்ற ஆண் இருந்தான். பனிப்போர்க் காலம், இருந்தாலும் இரண்டு ஜூக்களும் பேசி, 1966ல் அவளை விமானத்தில் மாஸ்கோவுக்கு அனுப்பினார்கள், ஒன்றும் நடக்கவில்லை. 1968ல் அவன் லண்டனுக்கு வந்தான், அப்போதும் ஒன்றும் நடக்கவில்லை. உலகப் பத்திரிகைகள் எல்லாம் இதைக் கல்யாணச் செய்தி மாதிரி எழுதிச் சிரித்தன. அப்புறம் 1972, அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்குப் போய் வந்த பிறகு லிங் லிங், சிங் சிங் ஜோடி வாஷிங்டனுக்கு அன்பளிப்பாக வந்தது (பதிலுக்கு அமெரிக்கா கொடுத்தது இரண்டு கஸ்தூரி எருதுகள், அவற்றை யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை, பாவம்). இந்த ஜோடிக்கு ஐந்து குட்டிகள் பிறந்தன. ஒன்றுகூடச் சில நாட்களுக்கு மேல் உயிரோடு இல்லை. லிங் லிங் 1992ல் இறந்தாள், சிங் சிங் 1999ல்.

இவ்வளவும் நடந்த பிறகு "பாண்டாவுக்கு இனப்பெருக்கம் வராது" என்று உலகம் முடிவு கட்டிவிட்டது. யாரும் எதிர்க்கேள்வி கேட்கவில்லை. சி சி சின்ன வயதிலேயே பிடிபட்டு மனிதர்களுக்கு நடுவில் வளர்ந்தவள். தன் இனத்தைச் சேர்ந்த இன்னொன்றைப் பார்க்காமலே பல வருடம் இருந்தவளை, முன்பின் தெரியாத ஒருவனோடு ஒரு கூண்டில் விட்டுவிட்டு, நேரம் குறித்துக்கொண்டு காத்திருந்தால் என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தார்கள்?

காட்டில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். மார்ச் முதல் மே வரை பருவம். பெண் பாண்டா சினைக்குத் தயாராக இருப்பது வருடத்தில் ஒரு முறை, அதுவும் ஒன்றிலிருந்து மூன்று நாள். இந்தச் செய்தியை முன்கூட்டியே மரங்களில் வாசனையாக எழுதி வைத்துவிடும். ஆண்களும் எழுதும், சில ஆண்கள் முன்னங்கால்களை ஊன்றித் தலைகீழாக நின்று மரத்தில் எவ்வளவு உயரமாக முடியுமோ அவ்வளவு உயரத்தில் சிறுநீர் அடிக்கும், நான் பெரிய ஆள் என்று காட்ட. நாள் நெருங்கும்போது மலைச்சரிவின் பல பக்கங்களிலிருந்து ஆண்கள் வந்து கூடும். பெண் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்க, கீழே உறுமலும் கடியும் சண்டையுமாக இருக்கும். இளம் ஆண்கள் தோற்றாலும், பார்த்துப் பழகிக்கொள்ளும். பீக்கிங் பல்கலைக்கழகத்தின் பான் வென்ஷி 1980களின் நடுவிலிருந்து பத்து வருடத்துக்கு மேல் சீனாவின் சின்லிங் மலையில் கழுத்தில் ரேடியோப் பட்டை மாட்டிய பாண்டாக்களின் பின்னால் நடந்து பார்த்தார். அங்கே பெண்கள் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு குட்டி என்று முறையாக வளர்த்துக்கொண்டிருந்தன. மற்ற கரடிகள் எப்படியோ அப்படித்தான் இவையும். காமத்தில் ஆர்வமில்லாத மிருகம் எதுவும் அங்கே இல்லை.

ஜூவில் இருந்ததோ ஒரு ஆண், ஒரு பெண், நடுவில் கம்பி. போட்டியும் இல்லை, தேர்வும் இல்லை, பெரியவர்கள் இணை சேர்வதைப் பார்த்த அனுபவமும் இல்லை. வருடத்தில் அந்த இரண்டு நாள் எது என்று பராமரிப்பவர்களுக்கும் தெரியாது. சின்ன வயதிலேயே தாயிடமிருந்து பிரித்தும்விடுவார்கள், தாய் சீக்கிரம் மறுபடி சினையாகட்டும் என்று. இத்தனையும் செய்துவிட்டுப் பழியைத் தூக்கிப் பாண்டா தலையில் போட்டார்கள். தாய்லாந்தின் சியாங் மாயில் ஒரு ஆண் பாண்டாவுக்கு மற்ற பாண்டாக்கள் இணை சேரும் வீடியோ போட்டுக் காட்டியதெல்லாம் நடந்தது, அதையும் உலகம் நகைச்சுவையாகத்தான் படித்தது. எனக்கென்னவோ அதில் பரிதாபம்தான் தெரிகிறது.

இந்தச் சிக்கலை அவிழ்த்தவர்கள் சீனாவின் இரண்டு மையக்காரர்கள். வோலோங்கில் 1980ல் உலக வனவிலங்கு நிதியத்தோடு சேர்ந்து ஆராய்ச்சி தொடங்கினார்கள், அமெரிக்க விலங்கியலாளர் ஜார்ஜ் ஷேலர் போய்த் தங்கியது அங்கேதான். செங்டு மையம் 1987ல், காட்டிலிருந்து மீட்ட ஆறு பாண்டாக்களோடு ஆரம்பித்தது. அவர்கள் செய்ததில் மந்திரம் எதுவும் இல்லை. தினமும் சிறுநீரில் ஹார்மோன் அளந்து அந்த ஒன்றிரண்டு நாளைக் கண்டுபிடித்தார்கள், விந்தை உறைய வைத்தார்கள், கூண்டை மாற்றி மாற்றி விட்டு ஒன்றின் வாசனை இன்னொன்றுக்குப் பழகும்படி செய்தார்கள். பிறகு 2015ல் ஓர் ஆய்வு இன்னொன்றும் சொன்னது. பெண்ணும் ஆணும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்களா என்று பார்த்து ஜோடி சேர்த்தால் குட்டி பிறக்கும் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. இதைக் கண்டுபிடிக்க இத்தனை வருடம் ஆனதே என்று சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

குட்டியை உயிரோடு வைத்திருப்பது இன்னும் பெரிய வேலை. பாண்டாக் குட்டி பிறக்கும்போது சுமார் 100 கிராம், தாயின் எடையில் ஏறக்குறைய 900ல் ஒரு பங்கு. முடி கிடையாது, கண் திறக்க ஆறேழு வாரம் ஆகும், தானாக மலம்கூடக் கழிக்கத் தெரியாது, தாய் நக்கிவிட்டால்தான் வரும், தாய் இல்லாத நேரத்தில் ஈரப்பஞ்சால் தடவிவிட வேண்டும். பாதிப் பிரசவங்களில் இரட்டைக் குட்டி. காட்டில் தாய் பெரும்பாலும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டுவிடும், இருவருக்கும் பால் போதாது. அங்கேதான் அந்த மாற்று வித்தை வந்தது. ஒரு குட்டி தாயின் மடியில், இன்னொன்று இன்குபேட்டரில். தாய்க்குத் தேன் தண்ணீர் கொடுத்து அது குடிக்கிற நேரத்தில் குட்டியை மாற்றிவிடுவார்கள், சில மணி நேரம் கழித்து மறுபடி மாற்றுவார்கள், பல வாரம், இரவும் பகலும். தாய் தனக்கு ஒரே குட்டி என்று நினைத்துக்கொண்டு இரண்டையும் வளர்த்துவிடும். 2013ல் அட்லாண்டாவில் லுன் லுன் பெற்ற இரட்டையரை இப்படித்தான் காப்பாற்றினார்கள், செங்டு ஆட்கள் நேரில் வந்து கூட நின்றார்கள். ஆனால் 2016ல் வியன்னாவின் ஷோன்பிரன் விலங்குக் காட்சிசாலையில் யாங் யாங் என்ற தாய் இரண்டு குட்டிகளையும் யார் உதவியும் இல்லாமல் தானே வளர்த்தாள். அந்த ஜூவில் செயற்கைக் கருத்தரிப்பும் கிடையாது, இணை சேர்ந்ததும் தானாகவே. பாண்டாவை நம்பி விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இதுதான்.

எல்லா இடத்திலும் அப்படி நடக்காது. எடின்பரோவில் 2011லிருந்து 2023 வரை தியான் தியான் இருந்தாள், இயற்கையாகவும் முயன்றார்கள், செயற்கையாகவும் முயன்றார்கள், பல வருடம் நம்பிக்கைச் செய்தி வரும், அப்புறம் இல்லை என்று வரும். பாண்டாவுக்குப் பொய்ச்சினை உண்டு. ஹார்மோன் ஏறும், சாப்பாடு குறையும், மூங்கிலைச் சேர்த்துப் படுக்கை போடும், கடைசியில் உள்ளே எதுவும் இருக்காது. கருவும் பல வாரம் கருப்பையில் ஒட்டாமல் மிதந்துகொண்டிருக்கும் என்பதால் ஸ்கேனில்கூடக் கடைசிச் சில வாரங்கள் வரை உறுதியாகச் சொல்ல முடியாது. 2020ல் வாஷிங்டனில் மெய் ஷியாங் 22 வயதில், உறைந்த விந்தின் மூலம் ஷியாவ் சி ஜி என்ற குட்டியைப் பெற்றபோது மருத்துவர்களே அசந்துபோனார்கள். அதே வருடம் ஏப்ரலில் ஹாங்காங் ஓஷன் பார்க்கில், பெருந்தொற்றால் கூட்டமே இல்லாத நேரத்தில், பத்து வருடமாக ஒன்றாக இருந்தும் சேராத யிங் யிங்கும் லே லேயும் தாங்களாகவே இணை சேர்ந்தார்கள். அந்த முறை குட்டி வரவில்லை. 2024 ஆகஸ்டில், தன் 19வது பிறந்தநாளுக்கு முந்தைய நாள், யிங் யிங் இரட்டைக் குட்டிகள் போட்டாள்.

ஆக இன்றைக்குக் காப்பகங்களில் குட்டி ஒரு பிரச்சினையே இல்லை. 2023 முடிவில் உலகம் முழுக்க 728 பாண்டாக்கள் கூண்டில் இருந்தன. பான் பான் என்ற ஒரே ஆணுக்கு மட்டும், 2016ல் 31 வயதில் அவன் இறந்தபோது, 130க்கும் மேற்பட்ட வாரிசுகள். யாரை யாரோடு சேர்க்கலாம் என்று பார்க்கத் தலைமுறைப் பதிவேடு வைத்திருக்கிறார்கள், இல்லையென்றால் எல்லாருமே சொந்தக்காரர்கள் ஆகிவிடுவார்கள்.

இந்த எண்ணிக்கையைத்தான் ஜூக்கள் "பாதுகாப்பு வெற்றி" என்று போர்டு போட்டுக் காட்டுகின்றன. ஜூ உண்டாக்கிய தோல்வியை ஜூ சரிசெய்தது, அவ்வளவுதான். அதில் உழைப்பு இருக்கிறது, அறிவியல் இருக்கிறது, மறுக்கவில்லை. காட்டுப் பாண்டா குறைந்ததற்குக் காரணம் அது குட்டி போடாதது அல்ல என்பதை மட்டும் அந்தப் போர்டு சொல்வதில்லை.

பணம் பற்றியும் பேசிவிடலாம். 1980களில் சீனா பாண்டாவை அன்பளிப்பாகத் தருவதை நிறுத்திவிட்டு வாடகைக்குத் தர ஆரம்பித்தது. இப்போதைய வழக்கப்படி ஒரு ஜோடிக்கு வருடத்துக்குச் சுமார் 10 லட்சம் டாலர் வரை, பெரும்பாலும் பத்து வருட ஒப்பந்தம். பிறக்கும் குட்டி சீனாவுக்குச் சொந்தம், வளர்ந்ததும் திருப்பி அனுப்ப வேண்டும். இது போக வீடு கட்டும் செலவு, மூங்கில் செலவு, ஆட்கள். பின்லாந்தின் அஹ்தாரி என்ற சின்ன ஊர் ஜூ 80 லட்சம் யூரோ செலவில் பாண்டா மாளிகை கட்டி 2018ல் ஒரு ஜோடியைக் கொண்டுவந்தது. ஒப்பந்தம் 15 வருடம். வருடத்துக்கு 15 லட்சம் யூரோ செலவு தாங்காமல் 2024 நவம்பரிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். கனடாவின் கேல்கரிக்கு வேறு பிரச்சினை. மூங்கில் சீனாவிலிருந்து விமானத்தில் வரும், 2020ல் விமானங்கள் நின்றதும் மூங்கிலும் நின்றது, பாண்டாக்களை அந்த நவம்பரில் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மூங்கில் வராத ஊரில் பாண்டாவை வைத்திருப்பதே ஒரு விசித்திரம் என்று எனக்குத் தோன்றும்.

குட்டியைத் திருப்பி அனுப்புகிற நாள் இருக்கிறதே, அது தனிக் கதை. கொரியாவின் எவர்லாண்டில் 2020ல் பிறந்த ஃபு பாவ் 2024 ஏப்ரலில் கிளம்பியபோது ஆயிரக்கணக்கானவர்கள் மழையில் நின்று அழுதார்கள். அவளை வளர்த்த பராமரிப்பாளரின் தாயார் முந்தைய நாள்தான் இறந்திருந்தார், அப்படியும் அவர் விமானத்தில் கூடவே போய் விட்டுவிட்டு வந்தார். சிங்கப்பூரில் 2021ல் பிறந்த லே லேயும் 2024 ஜனவரியில் சீனாவுக்குப் போய்விட்டான். இந்தப் பாசத்தைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. வாடகைப் பணம் எங்கே போகிறது என்ற கேள்வியைக் கேட்கவும் தயக்கம் இல்லை. அமெரிக்காவில் 1998லிருந்து ஒரு விதி உண்டு, பாண்டா வாடகை காட்டுப் பாண்டாக்களின் நலனுக்குச் செலவாக வேண்டும் என்று. 2024ல் நியூயார்க் டைம்ஸ் பழைய ஆவணங்களைத் தோண்டி எடுத்து, அந்தப் பணத்தில் ஒரு பகுதி அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் போயிருக்கிறது என்று எழுதியது. காட்டில் விடுவிக்கப்பட்ட பாண்டாக்களைவிடக் காட்டிலிருந்து பிடிக்கப்பட்டவை அதிகம் என்றும் அதே விசாரணையில் எழுதினார்கள். அந்தக் கடைசி வரியில்தான் எனக்கு வயிறு எரிந்தது.

அப்படியானால் காட்டுப் பாண்டாவைக் காப்பாற்றியது எது? 1970களின் நடுவில் மின்ஷான் மலைகளில் மூங்கில் மொத்தமாகப் பூத்தது. மூங்கில் பல பத்து வருடங்களுக்கு ஒரு முறை ஒரே நேரத்தில் பூத்து ஒரே நேரத்தில் செத்துப்போகும் தாவரம். 138 பாண்டாக்களின் சடலங்கள் கிடைத்தன. 60 லட்சம் வருடத்தில் மூங்கில் எத்தனையோ முறை பூத்திருக்கும், அப்போதெல்லாம் பாண்டா அடுத்த பள்ளத்தாக்குக்கு, வேறு வகை மூங்கில் இருக்கும் உயரத்துக்கு இறங்கிப் போயிருக்கும். இப்போது இறங்கினால் வயல், ஊர், சாலை. மரம் வெட்டி மலையின் கீழ்ப்பாதி மொட்டையாகிக் கிடந்தது. பாண்டாவின் பிரச்சினை எப்போதும் இதுதான், போகிற வழி அடைபட்டது.

1998ல் யாங்சி நதியில் பெருவெள்ளம் வந்து ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு, மலைக்காடுகளை வெட்டியதும் காரணம் என்று உணர்ந்து, இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைச் சீன அரசு நிறுத்தியது. அடுத்த வருடமே சரிவு நிலங்களில் பயிர் செய்வதை விட்டு மரம் நடுகிற விவசாயிகளுக்குத் தானியமும் பணமும் கொடுக்கும் திட்டம் வந்தது. பாண்டாவை மனதில் வைத்தா செய்தார்கள்? இல்லை, வெள்ளத்துக்குப் பயந்து செய்தார்கள். ஆனாலும் பாண்டாவுக்கு எந்த ஜூவும் செய்யாததை அது செய்தது. மூன்றாவது தேசியக் கணக்கெடுப்பில் 1,596 என்று இருந்த காட்டுப் பாண்டாக்கள், 2015ல் வெளியான நான்காவது கணக்கெடுப்பில் 1,864 ஆயின. கணக்கெடுத்த பரப்பும் கூடியிருந்தது, அதனால் அத்தனையும் புதிதாகப் பிறந்தவை என்று சொல்லிவிட முடியாது, என்றாலும் எண்ணிக்கைச் சரிவு நின்றுவிட்டது என்பதில் சந்தேகமில்லை. 2016ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பாண்டாவை "அருகிவரும்" நிலையிலிருந்து ஒரு படி இறக்கி "பாதிக்கப்படக்கூடிய" நிலைக்கு மாற்றியது. சீனாவே அதை ஒப்புக்கொள்ள 2021 ஆனது. பட்டியலில் இறக்கினால் எல்லாரும் அசட்டையாகிவிடுவார்கள் என்ற பயம், அது நியாயமான பயம்தான்.

ஏனென்றால் அந்த 1,864ம் ஓரிடத்தில் இல்லை. ஆறு மலைத்தொடர்களில் 33 துண்டுகளாகக் கிடக்கின்றன, பல துண்டுகளில் பத்துகூடத் தேறாது. பத்துப் பாண்டா உள்ள ஒரு காட்டில் வருடத்துக்கு இரண்டு நாள் வாய்ப்புக்கு எத்தனை ஆண் வந்து கூடும்? இரண்டு தலைமுறையில் அங்கே உறவுக்குள்ளேயே பிறப்பு ஆரம்பித்துவிடும். 2021ல் முறைப்படி அறிவித்த ராட்சதப் பாண்டா தேசியப் பூங்கா, சிச்சுவான், ஷான்ஸி, கான்சு மூன்று மாகாணங்களிலும் சேர்த்து 22,000 சதுர கிலோமீட்டர், காட்டுப் பாண்டாக்களில் ஏறக்குறைய எழுபது சதவீதம் அதற்குள் வருகின்றன. நல்ல விஷயம். சின்லிங்கில் நெடுஞ்சாலை சுரங்கத்துக்குள் போன பிறகு, மேலே கைவிட்ட பழைய சாலையை ஒட்டி மூங்கில் நட்டு இரண்டு பக்கக் காட்டையும் இணைக்கப் பார்த்தார்கள். இந்த மாதிரி வேலைக்கு வீடியோ வராது, பாருங்கள். ஒரு கைவிட்ட சாலையில் மூங்கில் வளர்வதை யார் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பார்ப்பார்கள். நானே பார்க்க மாட்டேன்.

பாண்டாவைக் காப்பாற்றினால் அந்தக் காட்டில் உள்ள எல்லாமே பிழைக்கும் என்று ஒரு வாதம் உண்டு. பாதி சரி. தங்கக் குரங்கு, டாக்கின் என்ற பெரிய மலையாட்டு இனம், பலவகைப் பறவைகள், தவளைகள் எல்லாம் பாண்டா எல்லைக்குள்தான் இருக்கின்றன. பாண்டாச் சரணாலயங்கள் தரும் தண்ணீர், மண் பிடிப்பு போன்ற பயன்களின் மதிப்பு அவற்றைப் பராமரிக்கும் செலவைப்போல் பத்து மடங்குக்கு மேல் என்று 2018ல் ஒரு கணக்கு வந்தது, கோடிக்கணக்கில் எதற்குச் செலவு என்று கேட்பவருக்கு அதைக் காட்டலாம். ஆனால் 2020ல் வந்த இன்னொரு ஆய்வு, 1960கள் தொட்டுப் பார்த்தால், பாண்டாச் சரணாலயங்களில் சிறுத்தை 81 சதவீத இடங்களிலிருந்தும், ஓநாய் 77 சதவீத இடங்களிலிருந்தும், செந்நாய் 95 சதவீத இடங்களிலிருந்தும் காணாமல் போய்விட்டது என்று சொன்னது. பாண்டாவுக்குச் சில சதுர கிலோமீட்டர் மூங்கில் போதும், சிறுத்தைக்கு நூறு சதுர கிலோமீட்டர் வேண்டும், இரையும் வேண்டும், வேட்டைக்காரனும் ஆடுமாடு மேய்ப்பவனும் விஷம் வைக்காமலும் இருக்க வேண்டும். கூண்டில் அழகாக உட்கார்ந்திருக்கும் விலங்குக்குக் கிடைக்கும் பணம் செந்நாய்க்குக் கிடைக்காது. இது பாண்டாவின் குற்றம் இல்லை, நம் ரசனையின் கோளாறு.

சரி, கூண்டில் இருக்கும் அந்த 728 பாண்டாக்களுக்கு என்னதான் வேலை? உண்மையான வேலை ஒன்று இருக்கிறது, அதைத்தான் மிகக் குறைவாகச் செய்கிறார்கள். 2006ல் வோலோங்கிலிருந்து ஷியாங் ஷியாங் என்ற இளம் ஆணைக் காட்டில் விட்டார்கள். கூண்டில் வளர்ந்தவன், காட்டு ஆண்களோடு சண்டை போடத் தெரியாது, ஒரு வருடத்துக்குள் காயங்களோடு செத்துக் கிடந்தான். அதற்குப் பிறகு முறையையே மாற்றினார்கள். தாயையும் குட்டியையும் வேலியிட்ட காட்டுக்குள் விட்டு, குட்டி மனித முகமே பார்க்காமல் வளரவேண்டும் என்று, பராமரிப்பவர்கள் பாண்டா உடையை மாட்டிக்கொண்டு அதில் பாண்டாவின் சிறுநீரையும் பூசிக்கொண்டு போய் எடை பார்த்துவிட்டு வந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இருக்க முடியாது, ஆனால் அது பலித்தது. 2012ல் லிஸிபிங் சரணாலயத்தில் விடப்பட்ட தாவ் தாவ் ஐந்து வருடம் கழித்து ஆரோக்கியமாக நடமாடியதைப் பார்த்திருக்கிறார்கள். 2017ல் இன்னொன்றும் செய்தார்கள். ட்சாவ் ட்சாவ் என்ற பெண்ணைப் பருவ நேரத்தில் காட்டில் விட்டு, காட்டு ஆணோடு சேர்ந்த பிறகு திருப்பிக் கொண்டுவந்தார்கள், ஜூலை கடைசியில் குட்டி பிறந்தது. செயற்கைக் கருத்தரிப்பு வேண்டியிருக்கவில்லை, வீடியோவும் வேண்டியிருக்கவில்லை.

இதுவரை இப்படி விடுவிக்கப்பட்டவை ஏறக்குறைய ஒரு டஜன், அதில் பெரும்பாலானவை பிழைத்திருக்கின்றன. லிஸிபிங் இருக்கிற ஷியாவ்ஷியாங்லிங் மலையில் மொத்தமே முப்பது சொச்சம் காட்டுப் பாண்டாக்கள்தான், அந்த மாதிரி இடத்தில் வெளியிலிருந்து வரும் இரண்டு மூன்று பெண்கள்கூட ஒரு கூட்டத்தின் தலையெழுத்தை மாற்றும். 2024ல் சான் டியேகோவுக்கும் வாஷிங்டனுக்கும் புது ஜோடிகள் போய் இறங்கியபோது விமானத்தில் பாண்டாப் படம், வரவேற்பு, நேரலை எல்லாம் அமர்க்களப்பட்டது, நானும் பார்த்தேன், இனியும் பார்ப்பேன். ஆனால் இனிமேல் எந்த மையமாவது "இந்த வருடம் இத்தனை குட்டிகள்" என்று வரிசையாகப் படுக்க வைத்துப் படம் போட்டால், நான் முதலில் தேடப்போவது அந்த வருடம் ஷியாவ்ஷியாங்லிங்குக்கு எத்தனை அனுப்பினார்கள் என்ற எண்ணைத்தான்.